மவுஸைத் திறந்து பார்க்கும் துணிவு

மவுஸ் சரியாக ஓடவில்லை என்றதும் புதியது வாங்கக் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் அரைமணி நேரம் செலவிட்டு அதைத் துடைத்து, தேவையானால் திறந்தும் பார்க்க வேண்டும். வன்னியில் இப்படித் துடைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இரட்டிப்பு நியாயம் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் புழுதி வீட்டுக்குள் ஏறிவிடுகிறது. இன்றைய மவுஸின் அடியிலோ ஒரு சிறு விளக்கும் நுண்ணிய கமராவும் இருக்கின்றன. விளக்கு மேசைப் பரப்பில் ஒளி வீச, கமரா விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கிறது. அடுத்தடுத்த படங்களுக்கிடையிலான மாற்றத்தைக் கொண்டே கை நகர்ந்த திசை கணிக்கப்படுகிறது. வில்லையில் ஒரு மயிர் ஒட்டினாலும் அந்தக் கணக்குப் பிழைத்து அம்புக்குறி துள்ளும். அழுக்கைப் பழுதென்று நினைத்து நல்ல பொருளை எறிகிறோம்.

ஆகவே தேடல் எளியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மவுஸை வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தால், குறை மவுஸிலா கணினியிலா என்று தெரிந்துவிடும். வயர் இல்லாத மவுஸ் என்றால் பற்றறியை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு இணைப்பைக் கழற்றி, பற்றறியையும் எடுத்துவிட்டு, பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் சற்றே நனைத்த பஞ்சால் அடிப்பாதங்களையும் வில்லைத் துளையையும் துடைக்கலாம். தின்னரும் பெற்றோலும் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும், அவை வேண்டாம். மேலே உருட்டும் சில்லு சிக்கினால் மூடியைத் திறக்க வேண்டும். திருகாணிகள் பெரும்பாலும் அடிப்பாதங்களின் கீழோ லேபலின் கீழோ மறைந்திருக்கும். ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவது இன்னொரு பொதுவான குறை. பொத்தானின் கீழுள்ள சிறு சுவிச்சுக்குள் இருக்கும் உலோகத் தகடு தேய்ந்தோ கறுத்தோ போனால், தொடுகை நிலைக்காமல் நடுங்கும். கணினி அதை இரண்டாக எண்ணும். சுவிச்சை மாற்றுவதே முழுத் தீர்வு. அதற்குச் சோல்டரிங் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வயர் முறிவது அனேகமாக அது மவுஸுக்குள் நுழையும் வளைவில்தான். அங்கே வெட்டி, நிறம் பார்த்து மீண்டும் இணைக்கலாம்.

‘புதிய மவுஸே மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மலிவு நிலையானதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிப் பொருள்களின் விலையும் கூடவே ஏறியது. எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஐக்கிய நாடுகளின் அறிக்கைப்படி, 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன். முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 சதவீதம் மட்டுமே. இவற்றைவிடப் பெரிய காரணம் இந்த மண்ணின் அனுபவம். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றறியும் எரிபொருளும் வன்னிக்கு வராதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தத் துன்பம் திரும்பி வரக்கூடாது. ஆனால் அது கற்றுத்தந்த அறிவை, கடைகள் நிறைந்துவிட்டன என்பதற்காகக் கைவிடுவது பேரிழப்பு.

‘பிள்ளைகள் மின்சாரத்தில் கைவைக்கலாமா?’ என்று பெற்றோர் தயங்கலாம். சுவர் மின்சாரத்தில் ஓடும் பொருளென்றால் அந்தத் தயக்கம் முற்றிலும் சரி. மவுஸுக்கு யூஎஸ்பி வழியாக வருவது 5 வோல்ற் மட்டுமே. கழற்றிவிட்டால் அதுவும் இல்லை. கவனம் தேவைப்படுவது சூடான சோல்டரிங் கருவியிடம். அதைப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யலாம். ‘திருத்தினாலும் நெடுநாள் நிற்காதே’ என்பது சில வேளை உண்மைதான். சில்லுத் தொகுதி முற்றாகத் தேய்ந்தாலோ கமரா எரிந்தாலோ வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. அப்போதும் அதன் சுவிச்சும் வயரும் வேறொரு மவுஸுக்கு உதவும். காரணத்தைப் படிப்படியாகத் தேடிய பயிற்சி பிள்ளையிடம் தங்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது. அந்த வாசல்களுக்குப் போகவிருக்கும் பிள்ளைகள், இயந்திரம் ஒன்றின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பாடசாலையிலேயே கையால் தொட்டு அறிய வேண்டும். பழுதான மவுஸ்களை எறியாமல் சேர்த்து, தவணைக்கு ஒருநாள் மாணவர்களிடம் கொடுத்தால் போதும். இதைவிடக் குறைந்த செலவில் ஒரு தொழில்நுட்பப் பாடத்தை நடத்த முடியாது.