கொய்யாவுக்கு மிளகாய்த்தூள் தொட்ட நாக்கு சாக்லெட்டுக்கு ஏன் தயங்க வேண்டும்?

கொய்யாக்காயை நான்காகக் கீறி, நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்னாத தமிழ்ப்பள்ளி மாணவர் நம்மில் எத்தனை பேர்? புளிப்பு மாங்காய்க்கும் அதே பக்குவம்தான். கல்யாண விருந்தில் அன்னாசிப் பச்சடி வைத்தால் இரண்டாவது முறை கேட்டு வாங்குகிறோம். கடைத்தெருவில் ரோஜாக் வாங்கும்போது, பழத்தோடு மிளகாய் ஏன் சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சாக்லெட்டில் மிளகாய் என்று சொல்லிப் பாருங்கள். "இது என்ன புதுக் கூத்து?" என்பார்கள்.

உண்மையில் இது மிகப் பழைய கூத்து. மிளகாய், கொக்கோ, அன்னாசி, கொய்யா ஆகிய நான்குக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் பழங்குடி மக்கள், ஐரோப்பியர் அங்கே காலடி வைப்பதற்கு முன்பே, அரைத்த கொக்கோவில் மிளகாய் கலந்து நுரை பொங்கக் குடித்தார்கள். சர்க்கரை பின்னால் வந்து சேர்ந்தது.

நம் முன்னோர் காரத்துக்கு நம்பியிருந்தது மிளகை. சங்க இலக்கியத்தில் அதற்குக் 'கறி' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புதுக்காய், மிளகு போலக் காரமாக இருந்ததால் 'மிளகாய்' ஆனது. வந்தேறிய காய் ஒன்று நம் அடுப்பங்கரையையே பிடித்துக்கொண்டது.

கொக்கோவும் நமக்கு அந்நியம் அன்று. தென்னைக்கு இடையே கொக்கோ நட்ட தோட்டங்கள் பேராக், சிலாங்கூர் கரையோரங்களில் நிறைய இருந்தன. 1990-ஆம் ஆண்டு வாக்கில் இந்நாட்டின் கொக்கோ விளைச்சல் 2 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. பிறகு விலைச் சரிவும் காய்த்துளைப்பான் பூச்சியும் சேர்ந்து அடிக்க, பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது.

ஹிலிர் பேராக்கில் என் பாட்டி கொக்கோ உடைக்கும் வேலை பார்த்தவர். காயைக் கட்டையால் அடித்துப் பிளந்து, கொட்டையை வழித்து எடுத்து, புளிக்க வைக்க அனுப்புவார்கள். கொட்டையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையைத் தோட்டத்துப் பிள்ளைகள் சப்பித் தின்பார்கள். ஆனால் அந்தக் கொட்டை சாக்லெட்டாகி லயத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அது கடைச் சாமான், காசு உள்ளவர்கள் வாங்குவது. அந்த எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது.

காரம் எப்படி வேலை செய்கிறது?

மிளகாயில் எரிச்சல் தரும் பொருள் கேப்சைசின். நாம் நினைப்பதுபோல் அது அதிகமாக இருப்பது விதையில் அன்று, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். கொதிக்கும் பொருள் பட்டால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு வாயிலையே கேப்சைசினும் தட்டுகிறது. அதனால்தான் சூடே இல்லாத மிளகாய் சுடுவதுபோல் இருக்கிறது. இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கேப்சைசின் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பழத்துக்கும் சாக்லெட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கொய்யாவில் கொழுப்பு மிகக் குறைவு. தூள் மேலேயே நிற்பதால் காரம் உடனே சுரீரென்று ஏறும், பின்னாலேயே புளிப்பும் இனிப்பும் வந்து ஆற்றும். சாக்லெட்டில் கொக்கோ வெண்ணெய் காரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில், அதாவது வாயின் சூட்டிலேயே உருகும். முதலில் இனிப்பு, அடுத்து கசப்பு, கடைசியில் தொண்டைப் பக்கம் காரம். ஆகவே ருசி பார்த்து உடனே 'காரம் பத்தவில்லை' என்று மேலும் போட்டுவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள்.

வீட்டில் தொடங்க

இனிப்புக் குறைந்த கறுப்பு சாக்லெட் 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 120 மில்லிலிட்டர், காய்ந்த மிளகாய் ஒன்று போதும். மிளகாயைக் கிள்ளி, விதையையும் நரம்பையும் உதறிவிட்டு, தேங்காய்ப்பாலில் போட்டுச் சிறு தீயில் சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடி வையுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு காரத்தை இழுத்துக்கொள்ளும். மிளகாயை எடுத்துவிட்டு, பாலை மறுபடி லேசாகச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லெட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் குழம்பு தயார். மாம்பழத் துண்டு, சுட்ட அன்னாசி, பீசாங் கோரெங் எதற்கும் தொட்டுக்கொள்ளலாம்.

சாக்லெட்டைத் தனியாக உருக்கும்போது பச்சை மிளகாயோ சிலி பாடியோ நறுக்கிப் போடாதீர்கள். அதன் சொட்டு ஈரம் பட்டாலே சாக்லெட் மணல் மணலாகத் திரண்டுவிடும். காய்ந்த தூளே பாதுகாப்பு. பால் அல்லது கிரீம் சேர்ப்பதாக இருந்தால் அன்னாசியை ஒரு கொதி விட்டுச் சேருங்கள். பச்சை அன்னாசியில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்கச் செய்யும்.

காரச் சமையலிலும் இது உண்டு. மெக்சிகோவின் 'மோலே' குழம்பில் மிளகாய், எள், கொட்டை வகைகளோடு சாக்லெட்டும் சேரும். நம் கோழிப் பிரட்டலில், ஒரு கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி இனிப்பில்லாத கொக்கோத் தூளைக் கடைசியில் தூவிப் பாருங்கள். சாக்லெட் வாசம் வராது. நிறமும் அடர்த்தியும் கூடும்.

கவனம் தேவை

மிளகாய் கிள்ளும் முன் கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அந்தக் கையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். வாய் எரிந்தால் தண்ணீரைவிட பாலோ தயிரோ நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. காரம் சேர்த்ததால் சர்க்கரை குறைந்துவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். இனிப்புள்ளவர்கள் கறுப்பு சாக்லெட்டானாலும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

போன மாதம் இந்தக் குழம்பைப் பாட்டிக்கு ஒரு வாழைப்பழத் துண்டில் தொட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் மென்றார். காரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உப்புப் பத்தவில்லை என்றார். அவர் சொன்னது சரி. உப்பு கசப்பை அடக்கும். கொய்யாவுக்கு எப்போதும் மிளகாய்த்தூளோடு உப்பும் வைத்துக் கொடுத்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.