பதினாறு அவுன்ஸ் கோப்பையும் மாமன்றத்தின் அதிகாரமும்

கடைக்கு ஓர் உத்தரவு வந்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அபராதத் தொகையைத்தான். உத்தரவில் கையெழுத்துப் போட்டவருக்கு அதைப் போட அதிகாரம் உண்டா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு வியாபாரிகள் வென்ற வழக்கு ஒன்று 2014-ல் நியூயார்க் நகரத்தில் முடிந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் அந்நகரின் கொரிய-அமெரிக்க மளிகை வியாபாரிகள் சங்கமும் ஒன்று என்பதால் நம் வாசகர்கள் அதை அறிந்துகொள்வது நல்லது.

2012 மே மாதம் அந்நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஒரு திட்டத்தை அறிவித்தார். சர்க்கரை சேர்த்த பானங்களை 16 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 470 மில்லிக்கு மேற்பட்ட கோப்பையிலோ பாட்டிலிலோ விற்கக் கூடாது. மீறினால் 200 டாலர் வரை அபராதம். உடல் பருமனையும் நீரிழிவையும் குறைப்பதே நோக்கம். நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்காத வீடு நம் பக்கத்திலும் இன்று எங்கே இருக்கிறது?

ஆனால் இந்த விதி மக்கள் தேர்ந்தெடுத்த 51 உறுப்பினர்கள் கொண்ட மாமன்றத்தில் நிறைவேறவில்லை. மேயர் நியமித்த உறுப்பினர்களைக் கொண்ட சுகாதார வாரியம் 2012 செப்டம்பர் 13 அன்று அதை நிறைவேற்றியது. எட்டுப் பேர் ஆதரித்தனர், ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்தைத் தொடும் விதிக்கு விழுந்த ஓட்டு அவ்வளவுதான்.

விதிக்குள் இருந்த ஓட்டைகளைப் பார்த்தால் எந்தக் கடைக்காரருக்கும் எரிச்சல் வரும். ஓட்டல், சினிமா தியேட்டர், விளையாட்டு அரங்கம், தள்ளுவண்டி ஆகியவை விதிக்குள் வந்தன. மாநில விவசாயத் துறையின் மேற்பார்வையில் இருக்கும் பலசரக்குக் கடைகளும் சங்கிலித் தொடர் சில்லறைக் கடைகளும் வரவில்லை. தெருவின் இந்தப் பக்கம் சிற்றுண்டிக் கடையில் 20 அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தால் குற்றம். எதிர்ப்பக்கம் அதைவிடப் பெரிய கோப்பையில் கொடுத்தாலும் குற்றமில்லை. வாடிக்கையாளர் என்ன செய்வார்? தெருவைக் கடப்பார். பாதிக்கு மேல் பால் கலந்த பானத்துக்கும் மதுவுக்கும்கூட விலக்கு இருந்தது.

மளிகைக்காரர்கள், ஹிஸ்பானிக் வணிகர் சபைகள், ஓட்டல் உரிமையாளர்கள், பானத் தொழிலாளர் யூனியன் ஆகியோர் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டனர். பெரிய பானக் கம்பெனிகளின் சங்கமும் கூட இருந்தது. சின்ன வியாபாரி தனியாக நின்று ஜெயித்த கதை இது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

விதி அமலுக்கு வரவேண்டிய நாள் 2013 மார்ச் 12. அதற்கு முதல் நாள் நீதிபதி மில்டன் டிங்ளிங் அதற்குத் தடை விதித்தார். (அந்த மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது வழக்கு முதலில் விசாரிக்கப்படும் கீழ் நீதிமன்றத்தின் பெயர். நம்மவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.) ஜூலை 30 அன்று அடுத்த நீதிமன்றமும் அதையே சொன்னது. கடைசியாக, மாநிலத்தின் உச்ச அமைப்பான ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ 2014 ஜூன் 26 அன்று 4-க்கு 2 என்ற கணக்கில் விதியைச் செல்லாததாக்கியது.

தங்கள் சுகாதார வாரியம் வெறும் நிர்வாக அமைப்பல்ல, அதற்கும் சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு என்று நகர நிர்வாகம் வாதிட்டது. நீதிபதி யூஜீன் பிகாட் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. நகர சாசனப்படி சட்டம் இயற்றும் அதிகாரம் மாமன்றத்துக்கே உரியது. வாரியம் அந்தச் சட்டங்களை நடத்திக் காட்டும் இடம். மக்களின் ஆரோக்கியம் ஒரு பக்கம், வியாபார நஷ்டம் ஒரு பக்கம், தனிமனிதர் விருப்பம் ஒரு பக்கம் என்று எடை போட்டு, இவருக்கு விலக்கு, அவருக்குத் தடை என்று தீர்மானிப்பது கொள்கை முடிவு. அதை ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான் செய்யவேண்டும். சர்க்கரைப் பானம் நல்லதா கெட்டதா என்ற விஷயத்துக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

இதற்கு முன்மாதிரி 1987-ல் வந்த பொரியாலி வழக்கு. பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்த மாநில சுகாதாரக் குழு தானாகவே போட்ட விதிகளை இதே நீதிமன்றம் அப்போது ரத்து செய்தது. 1989-ல் மாநில சட்டமன்றமே புகைபிடித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. உரிய இடத்திலிருந்து வந்தது, நிலைத்தது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சூசன் ரீட், வாரியத்தின் நீண்ட வரலாற்றைச் சுட்டிக்காட்டி, அதன் கைகளைக் கட்டுவது தவறு என்றார். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. குடிநீரில் ஃப்ளூரைடு சேர்த்ததும், வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடுத்ததும் அந்த வாரியம்தான். எல்லாவற்றுக்கும் மாமன்றத்தின் ஓட்டுக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாமும் யோசிக்கவேண்டியிருக்கிறது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதையொட்டிய ஒரு கேள்வியைச் சந்தித்திருக்கிறது. அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் வசூலித்த வளர்ச்சிக் கட்டணம் பற்றிய வழக்கில் 1992-ல் அது தீர்ப்புச் சொன்னது. வரியோ கட்டணமோ விதிக்கும் அதிகாரம் சட்டத்தில் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கவேண்டும். தரப்பட்டிருப்பதாக ஊகித்துக்கொண்டு வசூலிக்க முடியாது என்றது. கட்டண நோட்டீஸ் வந்தால், அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டிருக்கிறதா என நம் அங்கத்தினர்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நியூயார்க் வாரியத்தின் கை முழுவதும் கட்டப்பட்டுவிடவில்லை. உப்பு அதிகமுள்ள உணவுக்கு நேராக எச்சரிக்கைக் குறி போடவேண்டும் என்று 15 கிளைகளுக்குக் குறையாத உணவகங்களுக்கு அது 2015-ல் விதி செய்தது. ஓட்டல் சங்கம் வழக்குக்குப் போயும் 2017-ல் தோற்றது. அங்கே விற்பனைக்குத் தடை இல்லை, தகவல் மட்டுமே. 16 அவுன்ஸ் விதியோ மாமன்றத்தில் சட்டமாகவே இல்லை. சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களுக்குக் குறி போடும் கட்டாயம் 2023-ல் சங்கிலித் தொடர் உணவகங்களுக்கு வந்தது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது மாமன்றம்.