சாலை வரைபடத்தில் உங்கள் கிராமம் இணைந்திருக்கிறதா?

விளைபொருள் காலத்தில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விவசாயிக்கு நல்ல விலை. எந்தக் கிராமச் சாலையை முதலில் மேம்படுத்துவது என்று திட்டமிட, இன்று கணிப்பொறியில் உள்ள வரைபடமும் பயன்படுகிறது. இதற்குப் புவியியல் தகவல் முறை என்று பெயர். அது சாலைகளை எப்படிக் கணக்கிடுகிறது என்பதை விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

கணுவும் இணைப்பும்

காகிதப் படத்தில் சாலை என்பது ஒரு கோடு. கணிப்பொறிக்கு அது போதாது. சாலைகள் கூடும் இடம், பிரியும் இடம், முடியும் இடம் ஒவ்வொன்றும் ஒரு 'கணு'. இரு கணுக்களுக்கு இடைப்பட்ட சாலை 'இணைப்பு'. கரும்பின் கணுவையும் கணுவிடையையும் நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

இரு சாலைகள் சந்திக்கும் இடத்தில் கோடுகளைச் சேர்க்காமல் மயிரிழை இடைவெளி விட்டாலும், அங்கே வழி இல்லை என்றே கணிப்பொறி கொள்ளும். வாய்க்கால் உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா, அதுபோலத்தான். மாறாக, மேம்பாலத்தின் மேலும் கீழும் செல்லும் சாலைகளுக்கு இடையே கணு வைத்துவிட்டால், இல்லாத வழியை இருப்பதாகக் காட்டும்.

தூரம் மட்டும் போதாது

ஒவ்வொரு இணைப்புக்கும் அதன் நீளம், அகலம், தார்ச்சாலையா மண்பாதையா, ஒருவழியா என்ற விவரங்களைச் சேர்க்க வேண்டும். உதாரணமாக, சந்தைக்கு 8 கிலோமீட்டர் மண்பாதையும் 12 கிலோமீட்டர் தார்ச்சாலையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்பாதையில் வண்டி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 40 நிமிடம் ஆகும். தார்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிடமே ஆகும். தக்காளி ஏற்றியவருக்குச் சுற்றுவழியே லாபம். இவ்வாறு மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் கண்டறியும் முறை ஒன்றை நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டார்.

மழைக்காலத்தில் மூழ்கும் தரைப்பாலத்தை எப்போதும் திறந்த வழியாகக் குறித்தால் கணக்கு முழுவதும் தவறாகிவிடும். படத்தில் சந்தை அருகில் இருக்கும். அறுவடை நாளில் வண்டியோ ஓடைக்கு இக்கரையில் நிற்கும்.

நம் நாட்டில்

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-இல் தொடங்கியது. 2019-இல் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்தில், குடியிருப்புகளை வேளாண் சந்தை, மேல்நிலைப்பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுடன் இணைக்கும் 1,25,000 கிலோமீட்டர் சாலையை மேம்படுத்துவது இலக்கு. இத்திட்டத்திற்காகத் திரட்டிய வரைபட விவரங்களை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2022-இல் பொதுமக்களுக்கு வெளியிட்டது.

விவசாயிகள் செய்ய வேண்டியது

ஊரிலுள்ள படித்த இளைஞர்களைக் கொண்டு இணையத்தில் உங்கள் பகுதியின் படத்தைப் பாருங்கள். சாலை விடுபட்டுள்ளதா, சந்திப்புகள் சேர்ந்துள்ளனவா, சந்தையும் கொள்முதல் நிலையமும் சரியான இடத்தில் உள்ளனவா என்று கவனியுங்கள். எந்தத் தரைப்பாலம் எந்த மாதங்களில் மூழ்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் கிராம சபையில் எடுத்துக்கூறி, தீர்மானமாக எழுதி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்கலாம். கணிப்பொறிக்கு உங்கள் ஊர் ஓடை தெரியாது. அதன் வெள்ளம் உங்களுக்குத்தான் தெரியும்.