தம் முகத்தைத் தாமே படமெடுத்தவர்

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்தில் உறுப்பினர்களை இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள் என்று பணிக்கும் புகைப்படக்காரர்களை யாரேனும் படமெடுக்க முனைந்தால், வெளிச்சம் சரியில்லை என்று நழுவிவிடுவார்கள். இந்தத் தயக்கத்துக்கு உம்ராவ் சிங் ஷெர்கில் (1870-1954) வேறு வழி கண்டார். தம்மைப் படமெடுக்கும் வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தையான இவர், பஞ்சாபின் மஜீதியா குடும்பத்தைச் சேர்ந்தவர். சம்ஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புகைப்படம் இவருக்குத் தொழிலன்று. எனினும் அரை நூற்றாண்டுக் காலம் தம்மையே விதவிதமாகப் பதிவு செய்தார். ஒன்றில் நூல்களுக்கிடையே அறிஞர். மற்றொன்றில் அரையாடையுடன் யோகி. சிலவற்றில் வீட்டார் எவரேனும் விசையை அழுத்தியிருக்கக்கூடும். உடையையும் நிற்கும் தோரணையையும் முடிவு செய்தவர் அவரே என்பதில் ஐயமில்லை.

அம்ரிதா 1941 டிசம்பரில் லாகூரில் 28 வயதில் காலமானார். தந்தை எடுத்த படங்கள் குடும்பத்திடமே இருந்தன. 2001-ல் பேரன் விவான் சுந்தரம் அவற்றைக் கணினியில் இணைத்து ஒரு படவரிசையைத் தொடங்கினார். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் எடுக்கப்பட்ட தந்தையும் மகளும் அதில் ஒரே சட்டத்துக்குள் நிற்கின்றனர். இம்முறை அவர் நிற்கவேண்டிய இடத்தைப் பேரன் தீர்மானித்தார்.