ஆனைக்கொய்யாவிற் கெட்டியான பழக்கூழ்ப் பானம் – வீட்டிலே தயாரிக்கும் முறை

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, பசறை ஆகிய பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரே! உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ வேலியோரத்திலோ ஆனைக்கொய்யா மரம் ஒன்றேனும் நிற்கக்கூடும். வெண்ணெய்ப் பழம் என்றும் அவகாடோ என்றும் சொல்லப்படுவது இதுவே. காய்க்குங் காலம் வந்துவிட்டால் இம்மரம் கூடை கூடையாகக் காயைத் தரும். அப்போது சந்தையில் விலை சரியும். வீட்டாரும் தின்று சலிப்பர். எஞ்சியவை மரத்தடியில் விழுந்து அழுகும். அதே நாட்களில் அவ்வீட்டுப் பிள்ளைகள் ரொட்டியும் வெறுந்தேநீரும் அருந்திவிட்டுப் பாடசாலைக்குச் செல்வதையும் நாம் காண்கிறோம்.

இது சிறு காரியமன்று. 2016ஆம் ஆண்டு நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டத்துறையிலோ அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 32 ஆக இருந்தது. ஒரு பானத்தினால் மட்டும் இக்குறை தீராது. ஆயினும் மரத்தடியில் வீணாகும் கொழுப்புச் சத்தைப் பிள்ளையின் கோப்பைக்குக் கொண்டுவருவதற்குச் செலவு மிகக் குறைவு.

கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது?

பழப்பானம் கெட்டியாக வரவேண்டுமென்று பலர் சீனியை அள்ளிப் போடுகின்றனர். வேறு சிலர் ரின்பாலையும் பனிக்கட்டியையும் சேர்க்கின்றனர். இவை தேவையற்றவை. நன்கு முற்றிப் பழுத்த ஆனைக்கொய்யாவின் சதையில் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகப் பரந்திருக்கிறது. அதனோடு நார்ச்சத்தும் கலந்திருக்கிறது. சதையை மசிக்கும்போது இவ்விரண்டும் பாலைப் பிடித்து நிறுத்தி, பாலாடை போன்ற வழுவழுப்பைத் தருகின்றன. எண்ணெய் மிகுந்த இனங்களின் சதை 100 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. ஆகவே பானத்தின் கெட்டித்தன்மை அடுப்படியில் தொடங்குவதன்று, மரத்திலேயே தொடங்குவது. இனம், பறிக்கும் பருவம், பழுக்கவைக்கும் முறை ஆகிய மூன்றுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

இனம் அறிதல்

ஒரே அளவு பால் விட்டும் ஒரு வீட்டில் பானம் கூழாகவும் அயல்வீட்டில் நீராகவும் அமைவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் இனவேறுபாடே காரணமாகும். பொலக் இனத்தின் காய் பெரிது; சதையும் மிகுதி; ஆனால் எண்ணெய் குறைவு. இது வெப்பமான தாழ்நிலத்துக்குரிய மேற்கிந்திய வகையைச் சேர்ந்தது. புவேற்றே, ஹாஸ் ஆகியவை மெக்சிக்கோ, குவாத்தமாலா மலைநில வகைகளிலிருந்து வந்தவை. இவற்றிற் காய் சிறிதாயினும் எண்ணெய் மிகுதி. 1913ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் விழுந்த கடும் உறைபனியைத் தாங்கி நின்றமையாலேயே புவேற்றேக்கு ‘வலியது’ எனப் பொருள்படும் அப்பெயர் வந்தது.

விதையிலிருந்து முளைத்த மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்குமென்று கொள்ளலாகாது. உங்கள் மரத்தின் பழம் நீர்த்தன்மையுடையதாயின் கவலை வேண்டா. பாலைக் குறைத்து, வாழைப்பழம் ஒன்றைச் சேர்த்தால் குறை நீங்கும். புதிதாக நடுவோர் தம் பகுதிக்கேற்ற ஒட்டுக் கன்று எதுவென விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து நடுக.

பறிக்கும் பருவம்

ஆனைக்கொய்யா மரத்திலிருக்கும்வரை பழுப்பதில்லை. பறித்த பின்னரே பழுக்கும். இதனால் சிலர் அவசரப்பட்டு இளங்காயைப் பறித்து விற்றுவிடுகின்றனர். காய் முற்ற முற்றவே அதில் எண்ணெய் சேரும். முற்றாக் காய் நாட்பட வைத்தாலும் நன்கு இளகாது. தோல் சுருங்கி, சதை இறப்பர் போலாகும். அதிற் செய்த பானம் சப்பென்றிருக்கும்.

முற்றிய காயின் தோலில் பளபளப்புக் குறையும். ஊதா நிற இனங்களில் நிறமாற்றம் தெரியும். சில இனங்களில் காயைக் குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடும் ஓசை கேட்கும். ஐயமிருப்பின் ஒரு காயை வெட்டிப் பாருங்கள். கொட்டையைச் சுற்றிய உறை வெண்மையாகவும் தடிப்பாகவும் இருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். அது மெலிந்து கபிலநிறமாகியிருந்தாற் பறிக்கலாம்.

நீண்ட தடியின் நுனியிற் பை கட்டி, காய் நிலத்தில் விழாதவாறு பறியுங்கள். சிறிதளவு காம்பையும் விட்டுக் கொய்வது நலம். அடிபட்ட இடமும் காம்பு பிடுங்கிய துளையும் அழுகல் நோய்க்கு வாயிலாகும்.

பழுக்கவைத்தல்

பறித்த காய்களை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கோலின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வெப்பமான இடத்தில் சில நாட்களிற் பழுக்கும். அப்புத்தளை போன்ற குளிரிடங்களில் மேலும் சில நாட்கள் செல்லும். விரைவிற் பழுக்கவேண்டுமாயின் காய்களை வாழைப்பழத்துடன் கடதாசிப் பையில் இட்டு மூடிவையுங்கள். வாழைப்பழத்திலிருந்து வெளிப்படும் எதிலீன் வாயு மற்றக் காயையும் பழுக்கத் தூண்டும். கல்சியம் காபைட்டை ஒருபோதும் பயன்படுத்தற்க. அதில் ஆசனிக்கு முதலிய நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக்கூடும்.

காம்புப் பக்கத்தை மெல்ல அழுத்தினால் விரல் சற்றே பதியவேண்டும். அதுவே பானத்துக்குரிய பருவம். பழுத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாட்கள் வைத்திருக்கலாம். காயாக இருக்கும்போது அதனுள் வைத்தல் தகாது.

வேண்டிய பொருள்கள் (நால்வருக்கு)

ஆனைக்கொய்யாச் சதை – 400 கிராம் (நடுத்தரப் பழம் இரண்டு)
காய்ச்சி ஆறவைத்த பால் – 400 மில்லிலீற்றர்
கித்துள் கருப்பட்டி – 50 கிராம்
எலுமிச்சைச் சாறு – 1 தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

பசும்பால் கிடையாதவிடத்துக் கொதித்தாறிய நீரிற் கரைத்த பால்மாவைக் கொள்ளலாம். தேங்காயின் முதற்பாலும் பொருந்தும். ஆனால் அவ்வாறு செய்த பானத்தை உடனே அருந்திவிட வேண்டும்.

செய்முறை

1. கைகளையும் பாத்திரங்களையும் நன்கு கழுவுங்கள். பழத்தை வெட்டுமுன் தோலையும் கழுவுங்கள். கத்தி தோலைக் கடந்தே சதைக்குட் செல்வதால், தோலிலுள்ள மண்ணும் கிருமியும் உள்ளே செல்லக்கூடும்.

2. கருப்பட்டியைச் சிறிது நீரிற் கரைத்து, கொதிக்கவைத்து, வடித்து, முற்றாக ஆறவிடுங்கள்.

3. பழத்தை நீளவாக்கிற் பிளந்து கொட்டையை நீக்கி, சதையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். உடனே எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் சேருங்கள். வெட்டிய சதை காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள நொதியத்தினாற் கறுக்கும். புளிப்பு அந்நொதியத்தின் வேகத்தைத் தணிக்கும்.

4. பால் விடாமலே முதலில் சதையையும் கருப்பட்டிப் பாகையும் சேர்த்து மசியுங்கள். மத்தும் அகன்ற பாத்திரமும் இருந்தாற் போதும். நார் மிகுந்த பழமாயின் அரிதட்டில் தேய்த்து வடியுங்கள்.

5. கட்டியின்றி வெண்ணெய் போலானபின் பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கடையுங்கள். முதலிலேயே பால் முழுவதையும் ஊற்றினாற் கட்டிகள் பாலில் மிதந்து மத்துக்கு அகப்படா. மாவைக் கரைக்கும்போது முதலிற் சிறிது நீர் விட்டுப் பிசைவதும் இதே காரணத்தாலன்றோ?

6. கரண்டியிலிருந்து தாரையாக வடியாமல் மெல்ல வழுகி விழுமானால் பதம் சரியாகும். அப்போது மீதிப் பால் இருந்தாலும் மேலும் விடவேண்டா.

மின் அரைப்பான் வைத்திருப்போரும் இவ்வொழுங்கையே பின்பற்றுக. வயலில் வேலை செய்வோருக்குக் கொண்டுசெல்வதாயின் பாத்திரத்தை மூடி, ஈரத்துணியாற் சுற்றி நிழலில் வையுங்கள். ஈரம் உலரும்போது பாத்திரம் குளிரும்.

தவிர்க்க வேண்டியவை

ஆனைக்கொய்யாவை அடுப்பிலேற்றிக் காய்ச்சலாகாது, கசந்துவிடும். பாலைத் தனியே காய்ச்சி, ஆறியபின் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பச்சைப் பாலும் ஆகாது. பனிக்கட்டி உருகினால் பானம் நீர்த்துவிடும். குளிர்ச்சி வேண்டுவோர் வாழைப்பழத் துண்டுகளை உறையவைத்துச் சேர்ப்பின் குளிர்ச்சியும் கெட்டித்தன்மையும் ஒருங்கே கிடைக்கும். செய்த பானத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் அருந்திவிடுங்கள். பூச்சிநாசினி இருந்த போத்தலையோ வாளியையோ எவ்வளவு கழுவினும் உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வேறு பழங்களுடன் சேர்த்தல்

பப்பாசிப் பழமும் வெலிமடைப் பக்கத்தில் விளையும் கரட்டும் உயிர்ச்சத்து ஏ-ஆக மாறும் மஞ்சட்பொருளை உடையவை. அப்பொருள் கொழுப்புடன் சேரும்போதே உடலில் நன்கு உறிஞ்சப்படும். ஆகையால் 100 கிராம் பப்பாசியையோ, அவித்து மசித்த கரட்டையோ இப்பானத்திற் சேர்த்தல் சிறந்தது. பப்பாசியும் அன்னாசியும் பாலுடன் நெடுநேரம் நின்றால் கசப்பேறும், கலந்தவுடன் அருந்துங்கள். கொடித்தோடையின் புளிப்புப் பாலைத் திரைக்கும். அதனைச் சேர்ப்பதாயின் பாலை விடுத்து, ஆனைக்கொய்யாவுடனும் கொதித்தாறிய நீருடனும் கலந்துகொள்க.

வெல்லவாய, மொனராகலை முதலிய வறண்ட தாழ்நிலத்தில் வாழ்வோருக்கு விளாம்பழம் உண்டு. அதன் சதையைக் கொதித்தாறிய நீரிற் பிசைந்து விதைநீக்கி வடித்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்தால் அதுவும் கெட்டியான நற்பானமாகும்.

யாருக்கு, எவ்வளவு?

பாடசாலைப் பிள்ளைக்கும், கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும் ஒரு கோப்பை தகும். இது சோற்றுக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் கீரைக்கும் பதிலாகாது. அவற்றுக்குத் துணையாகவே கொள்ளப்படவேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இனிப்பும் உப்பும் பாலும் சேர்க்காமல், பழச் சதையை மட்டும் நன்கு மசித்து ஊட்டலாம். நீரிழிவு உடையோர் கருப்பட்டியை விலக்குக.

தோலும் கொட்டையும்

எஞ்சிய தோலையும் கொட்டையையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். இம்மரத்தின் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் பேர்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. இலையைத் தின்ற ஆடுமாடுகளுக்கு மடி வீங்கிப் பால் வற்றுதலும், சிலவேளைகளில் இதயம் பாதிக்கப்படுதலும் நேரும். பிள்ளைக்குப் பால் தரும் பசுவுக்கு அறியாமல் தீங்கு செய்துவிடாதபடி இக்கழிவுகளைக் கூட்டெருக் குழியிற் புதைத்துவிடுங்கள்.

கமக்காரரே! இப்பருவத்தில் உங்கள் மரத்துக் காய்கள் அனைத்தையும் வியாபாரிக்கு அளந்து கொடுக்குமுன், முற்றிய நற்காய்களில் வாரத்துக்கு ஒரு கூடையை வீட்டுக்கென ஒதுக்கி வையுங்கள். நல்ல காயை விற்றுவிட்டு விழுந்த காயை வீட்டுக்கு வைக்கும் வழக்கத்தை விடுவோம்.