நெடுஞ்சொற்களின் அங்கங்கள்

நீண்ட ஆங்கிலச் சொற்களைக் கண்டதும் தம் குமாரன் மிரண்டு நின்றுவிடுகிறான் என்றும், எழுத்துக்கூட்டி மனனம் செய்வதன்றி வேறு உபாயம் உண்டா என்றும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். உண்டு. பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகிய நமக்கு, அந்நியச் சொல்லையும் அவ்வாறே உறுப்பு உறுப்பாக நோக்குவது பிரயாசையான காரியமன்று. ஆயினும் ஆங்கிலத்தில் பொருள் பிரியும் இடம் ஒன்று, அசை பிரியும் இடம் மற்றொன்று, குரல் அழுந்தும் இடம் வேறொன்று என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

என்னை நெடுங்காலமாக வசீகரித்து வருவது அந்த அழுத்தத்தின் சஞ்சாரமே. ஒளியையும் எழுதுதலையும் குறிக்கும் கிரேக்கக் கூறுகளால் ஆன ‘போட்டோகிராப்’ என்னும் சொல்லில் முதலசை அழுந்துகிறது. அது ‘போட்டோகிராபி’ ஆகும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கும், ‘போட்டோகிராபிக்’ ஆகும்போது மூன்றாம் அசைக்கும் பெயர்ந்துவிடுகிறது. எங்கள் கிராமத்து வீட்டில் இருந்த ஒரே அரிக்கேன் விளக்கை எந்த அறைக்கு எடுத்துச் சென்றார்களோ அந்த அறை மட்டும் துலங்க, ஏனையவை மங்கிக் கிடந்ததைப் போல, அழுத்தம் பெற்ற அசையின் உயிரொலி தெளிவாக ஒலிக்க, அதை இழந்த அசைகள் பலவற்றில் உயிரொலி தன் இயல்பு மாறி மெலிந்து தேய்ந்துவிடுகிறது. ஆங்கிலேயர் ‘ஃபடாக்ரஃபி’ என்பது போல உச்சரிப்பதன் இரகசியம் இதுவே.

இச்சஞ்சாரத்தைப் பெரும்பாலும் ஆள்வது விகுதி. ‘இக்’, ‘இட்டி’ என முடியும் சொற்களில் விகுதிக்கு நேர்முன்னுள்ள அசையே பொதுவாக அழுந்தும். ஆதலால் ‘எலெக்ட்ரிக்’கில் ‘லெக்’கின் மேல் நின்ற அழுத்தம், ‘எலெக்ட்ரிசிட்டி’யில் ‘ட்ரி’யின் மேல் சென்று அமர்கிறது.

நாவுக்கும் பொருளுக்கும் பிணக்கு நேர்வதும் உண்டு. சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’வும் சிறகைக் குறிக்கும் ‘ப்டர்’ என்பதும் கூடியதே ‘ஹெலிகாப்டர்’. ‘ப்ட்’ என்று அசையைத் தொடங்கும் வழக்கம் ஆங்கில நாவுக்கு இல்லாமையால், ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிரித்துக்கொண்டு, ‘ஹெலிபேட்’ என்ற புதுச்சொல்லையும் ஆக்கிவிட்டனர்.

1755-இல் வெளிவந்த தம் அகராதியிலேயே சாமுவேல் ஜான்சன் சொற்களுக்கு அழுத்தக்குறி இட்டிருக்கிறார். நம் பள்ளிகளிலோ அக்குறியைச் சுட்டிக்காட்டுவார் அரியர். எழுத்துக்களை வரிசையாக ஒப்பிக்கச் செய்வதே போதனை என்றாகிவிட்டமையால், பொருளும் ஓசையும் ஒருங்கே அறியும் இன்பத்தைக் குழந்தைகள் இழக்கிறார்கள். வாசகர் தம் குமாரனுக்கு முதலில் சொல்லின் இறுதியைக் காட்டட்டும். விகுதியைக் கண்டு, அழுந்தும் அசையைத் தேர்ந்து, பகுதியின் பொருளை வினவப் பழகிய சிறுவன், ‘போட்டோகிராபி’ ஒன்றைக் கற்ற மாத்திரத்தில் ‘ஜியாகிராபி’யையும் ‘பயாகிராபி’யையும் பாதி கற்றவனாவான்.