மித்தி ஆற்றைத் தேடி நூலகத்துக்கு...

தாராவியில் ஒரு சின்ன வீடு. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழ் அறைச் சுவரில், ஆளின் மார்பு உயரத்தில், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மறையாத பழுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மழைத் தண்ணீர் வந்து நின்ற இடம் அது.

அன்று இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிய தகப்பனார், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு கோதாமில் குமாஸ்தா. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தில் மேல்படிப்பு படிக்கிறாள்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் மித்தி ஆறு. இன்டர்நெட்டில் தேடி நாற்பது பக்கம் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நாற்பது பக்கத்திலும் ஒரே செய்திதான் இருக்கிறது. மூலம் எங்கே?" என்பது அவர் கேட்ட கேள்வி.

"மூலம் என்றால் என்னம்மா?" என்று வீட்டில் அப்பா கேட்டார்.

"முதலில் யார் அளந்தது, யார் எழுதியது என்பதுதான் அப்பா."

அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவும் உடன் புறப்பட்டார். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய நூலகம். உள்ளே போகவே இருவருக்கும் கூச்சம். மேஜையில் இருந்த வயதான நூலகர், "மித்தி பற்றிப் புத்தகம் வேண்டும் என்றால் எதைக் கொடுப்பது பேட்டி? உன் கேள்வி என்ன?" என்று இந்தியில் கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை.

அப்பாதான் சொன்னார்: "அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் ஏன் தண்ணீர் வந்தது, சாப்?"

நூலகர் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நான்கு வார்த்தைகள் எழுதினார். மழை, ஆறு, கடல், ஊர்.

"இந்த நான்கும் நான்கு அலமாரி" என்றார்.

ஒரே அலமாரி கிடையாது

சுற்றுச்சூழல் படிப்பில் இறங்கும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான். சரித்திரத்துக்கு ஓர் அலமாரி, கணக்குக்கு ஓர் அலமாரி என்பதுபோல் சுற்றுச்சூழலுக்கென்று தனியாக ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இருப்பதில்லை.

பல நூலகங்கள் பின்பற்றும் டூயி தசம முறையில் மாசுபடுதல் பற்றிய நூல்கள் 363.7 என்ற எண்ணில் இருக்கும். நிலம், நீர் முதலிய இயற்கை வளங்கள் 333.7-ல் இருக்கும். உயிர்ச்சூழல் 577-லும், மழை, பருவநிலை 551-லும், சாக்கடை, குடிநீர், கழிவுநீர்ப் பொறியியல் 628-லும் இருக்கும். ஐந்து இடத்துக்கும் நடந்தால்தான் ஓர் ஆற்றின் கதை முழுதாகக் கிடைக்கும்.

இந்த நாட்டில் நூலகத்தை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னையில் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்துவிட்டு, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. அதனால் நூலகரிடம் போய்க் கேட்பது அவருக்குத் தொந்தரவு என்று யாரும் தயங்க வேண்டாம். கேட்பவருக்கு வழிகாட்டுவது அவருடைய வேலை.

மழையும் ஆறும்

நூலகர் எழுதிய முதல் வார்த்தை மழை. அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுருசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகியது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டும் ஒரே மும்பைதான். "மும்பையில் மழை" என்று பொதுவாக எழுதினால் ஆய்வாகாது, எந்த நிலையத்தின் அளவு என்று எழுத வேண்டும் என்பதை அந்தப் பெண் இந்த இரண்டு எண்களிலிருந்து கற்றுக்கொண்டாள். மழை அளவுக்கு மூலம், 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் பதிவேடு. பத்திரிகைச் செய்தி அதற்கு அடுத்தபடிதான்.

இரண்டாவது வார்த்தை ஆறு. விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர்தான் மித்தி. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, தாராவி வழியாக மாகிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் இதைச் சாக்கடை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நகரத்தின் மழைநீர் வடிகால் எப்படி இருக்க வேண்டும் என்று 1993-லேயே ஓர் அறிக்கை தரப்பட்டது. பிரிம்ஸ்டோவாட் என்பது அதன் பெயர். 2005 வெள்ளத்துக்குப் பிறகு மாதவ் சித்தலே தலைமையில் உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டு, 2006-ல் அறிக்கை தந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முன்பே சொன்னது எது, செய்தது எது, செய்யாதது எது என்று தெரியும்.

இத்தகைய அரசு அறிக்கைகள் புத்தகக் கடையில் கிடைக்காது. பெரிய நூலகங்களின் அரசு வெளியீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

கடலும் ஊரும்

மூன்றாவது வார்த்தை கடல். கடலில் நீர் ஏறும் நேரத்தில் மாகிமில் ஆற்று நீர் வெளியேற முடியாமல் பின்வாங்கும். கரையோரச் சதுப்பில் வளரும் அலையாத்திக் காடுகள் அந்த நீருக்கு இடம் கொடுக்கும் பஞ்சு போன்றவை. இவற்றைப் பற்றித் தேடுகிறவர்கள், லயன் கேட் எதிரே ஹார்ன்பில் ஹவுசில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை விசாரிக்கலாம். 1883-ல் தொடங்கிய கழகம் இது. 1886 முதல் அது நடத்தும் சஞ்சிகையின் பழைய தொகுதிகளை, பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகத்தில் வீட்டிலிருந்தே காசில்லாமல் படிக்கலாம்.

நான்காவது வார்த்தை ஊர். 1909-ல் வெளியான பம்பாய் கெஜட்டியர், தாராவியைக் கோலி மீனவர்களின் ஆறு பெரிய குடியிருப்புகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மீன் பிடித்த கழி தூர்ந்தது எப்போது, தோல் பதனிடும் தொழிலுக்கு நம்மவர்கள் வந்து இறங்கியது எப்போது, ஆறு குறுகியது எப்போது என்பதெல்லாம் இந்த அலமாரியில்தான் இருக்கிறது. தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தின் நூலகத்திலும் இந்த வகை ஆய்வுகள் உண்டு.

பக்கத்திலேயே இருப்பவை

தாராவிக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் பக்கத்து சயானில்தான் இருக்கிறது. மித்தி நீரைச் சோதித்து வாரியம் வெளியிடும் அளவுகளில் பி.ஓ.டி. என்ற ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதே அது. குளிப்பதற்கான நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஜவகர்லால் நேரு நூலகம் கலினாவில் இருக்கிறது. நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட லட்சக்கணக்கான ஆய்வேடுகளை 'சோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 சர்வதேசச் சஞ்சிகைகள் அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. தங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று மாணவர்கள் கல்லூரி நூலகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சில யோசனைகள்

நூலகத்துக்குப் போகுமுன் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருந்தால் பல நூலகங்களில் வெளியாருக்கும் அனுமதி கிடைக்கும். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கங்களைப் பார்க்கவும். அதை எழுதியவர் படித்த நூல்களின் பட்டியல் அங்கே இருக்கும். ஒன்றைப் பிடித்தால் பத்து கிடைக்கும்.

குறிப்பு எடுக்கும்போது ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் அப்போதே எழுதிவிட வேண்டும். ரசீது எண் இல்லாமல் பார்சல் ஆபீசில் மூட்டையைத் தேடுகிறவர் படும் பாடு, பக்க எண் இல்லாமல் மேற்கோளைத் தேடுகிறவருக்கும் உண்டு.

கோட்டின் உயரம்

அந்தப் பெண் நான்கு சனிக்கிழமைகள் நூலகங்களுக்குப் போய்வந்தாள். நாற்பது பக்கம் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் மூலம் இருக்கிறது. பேராசிரியர் இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை.

"எல்லாம் கிடைத்துவிட்டதா?" என்று அப்பா கேட்டார்.

"நம்ம தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை அப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோதாமிலிருந்து கொண்டுவந்த அளவு நாடாவை எடுத்துச் சுவரில் வைத்தார். தரையிலிருந்து கோடு வரைக்கும் நான்கு அடி இரண்டு அங்குலம்.

மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தெருவின் பெயர், அளந்த தேதி, அளந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். பிறகு இருவருமாக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுச் சுவரிலும் ஒரு கோடு இருந்தது.